ஒத்திகையில் கணினியை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி இது: பல்கலைக்கழகத்தில் கொள்ளைநோய் ஒத்திகை நடத்தும் பொறுப்பை ஒரு குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். கணினித் துறையில் இருப்பவர்கள் சிமுலேஷன் வைத்து, அதாவது நோய் பரவுவதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்து, நடத்தலாம் என்கிறார்கள். மருத்துவ மையத்தில் இருப்பவர்களோ அது வெறும் கலர் படம், நேரம்தான் வீண் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு தரப்பும் பாதிப் பாதி சரிதான். திரையில் சிவப்புப் புள்ளிகள் பரவுவதைக் காட்டி, எல்லோரும் ‘ஐயோ’ என்று சொன்னதும் காபியும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுவதாக இருந்தால் மருத்துவ மையத்தார் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினியே இல்லாமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடத்தும் ஒத்திகையில் வேறொரு கோளாறு உண்டு. கதையை ஒருவர் முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு வைத்திருப்பார். உறையைப் பிரித்து, ‘10-ஆம் நாள், 40 மாணவர்களுக்குக் காய்ச்சல்’ என்று வாசிப்பார். நீங்கள் 3-ஆம் நாளே விடுதியை மூடியிருந்தாலும் 40தான், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலும் 40தான். எடுக்கிற முடிவுக்கும் வருகிற நோய்க்கும் சம்பந்தமே இருக்காது. கணினியைக் கொண்டுவந்தால் இந்த ஒன்று மாறுகிறது. நீங்கள் ஒன்று செய்தால் நோய் அதற்குப் பதில் சொல்லும்.

அதனால் தாராளமாக வையுங்கள். ஜோசியர் நாற்காலியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். சதுரங்கம் ஆட எதிரே ஒரு ஆள் வேண்டுமே, அந்த நாற்காலியில் வையுங்கள்.

ஜோசியம் ஏன் ஆகாது என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா–ஷாம்பெய்ன் வளாகத்தில், 2020-இல் கொரோனா காலத்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கெய் மாஸ்லோவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வளாகத்துக்கென்றே ஒரு மாதிரியை, அதாவது நோய் எப்படிப் பரவும் என்று ஓட்டிப் பார்க்கும் கணினிக் கணக்கை, உருவாக்கினார்கள். ஒவ்வொரு மாணவரும் கணினிக்குள் ஒரு தனி ஆள். அந்த ஆள் வகுப்புக்குப் போவார், சாப்பிடுவார், பாருக்குப் போவார், பார்ட்டிக்கும் போவார். மாணவர்கள் பார்ட்டிக்குப் போக மாட்டார்கள் என்று நம்பும் அளவுக்கு அவர்கள் வெகுளிகள் அல்ல. சிலர் முகக்கவசம் போட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பல்கலைக்கழகமே எச்சிலை வைத்துச் செய்யும் ஒரு பரிசோதனையை உருவாக்கியிருந்தது. எல்லோருக்கும் வாரம் இரண்டு முறை சோதனை, நாளொன்றுக்கு 10,000-க்கும் மேல். போனில் இருக்கும் செயலி அனுமதித்தால்தான் கட்டடத்துக்குள் நுழைய முடியும். இவ்வளவும் இருந்தால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை வரைக்கும் மொத்தம் சுமார் 700 பேருக்குத்தான் தொற்று வரும் என்றது மாதிரி.

ஆகஸ்ட் 24-ஆம் தேதி வகுப்புகள் தொடங்கின. ஒரு பருவம் முழுவதற்கும் சொன்ன எண்ணிக்கை பத்து நாளுக்குள்ளேயே வந்து நின்றது. செப்டம்பர் 2-ஆம் தேதி, இளநிலை மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசிய வேலைக்கு மட்டும்தான் வெளியே வரலாம் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது.

எங்கே தவறியது? கணக்கு சரியாகத்தான் இருந்தது. பரிசோதனையும் வேலை செய்தது. ‘உனக்குத் தொற்று இருக்கிறது’ என்று முடிவு வந்த பிறகும் ஒருவர் பார்ட்டிக்குப் போவார் என்பதைத்தான் யாரும் மாதிரிக்குள் எழுதவில்லை. அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து அழைப்பு வந்தால் போனை எடுக்காதவர்கள் இருந்தார்கள். செயலியை ஏமாற்றிக் கட்டடத்துக்குள் நுழையப் பார்த்தவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களில் இப்படி ஒரு சிறு கூட்டம் போதும், தொற்று எண்ணிக்கையின் கோடு மேலே ஏறிவிடும்.

இந்தக் கதையைச் சொல்லி ‘பார்த்தீர்களா, மாதிரிகளே பொய்’ என்று முடிப்பவர்கள் நிறையப் பேர். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். கையில் ஒரு மாதிரி இருந்ததால்தான் நிஜம் எங்கே விலகுகிறது என்பது அவர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது. வர வேண்டிய எண் இது, வந்த எண் அது, நடுவே இருக்கும் வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று தேட முடிந்தது. தேடியதில், பரிசோதனை முடிவு வருவதற்கும் அந்த மாணவரை யாராவது தொடர்புகொள்வதற்கும் இடையே இருந்த ஓட்டை தெரிந்தது. முடிவு வந்த 30 நிமிடத்துக்குள் கூப்பிட்டுப் பேசத் தனிக் குழு போட்டார்கள். எண்ணிக்கை இறங்கியது. நேரடி வகுப்புகள் அந்த நவம்பர் விடுமுறை வரை நடந்தன. மாதிரி இல்லாமல் இருந்திருந்தால் 700 என்பது அதிகமா குறைவா என்பதே விவாதமாகியிருக்கும்.

சரி, இதிலிருந்து ஒத்திகைக்கு என்ன எடுத்துக்கொள்வது? மாதிரியை எழுதும்போதே ‘உத்தரவை மீறுபவர்’ என்று ஒரு வகையை உள்ளே வையுங்கள். 100-க்கு 2 பேரா, 5 பேரா என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். உங்கள் திட்டம் எத்தனை பேர் மீறுவதைத் தாங்கும் என்ற எண்தான் துணைவேந்தருக்குத் தேவைப்படுவது. எத்தனை பேருக்கு வரும் என்ற எண் அவருக்குப் பத்திரிகையாளரிடம் சொல்ல மட்டும்தான் பயன்படும், அதுவும் பெரும்பாலும் தப்பாகப் போகும்.

மனிதர்கள் இப்படித்தான் என்பது 2005-லேயே ஒரு கணினி விளையாட்டில் தெரிந்த விஷயம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒரு பூதத்தின் குகைக்குள் மட்டும் இருக்க வேண்டிய ‘கெட்ட ரத்தம்’ என்ற நோய் ஒரு நிரல் பிழையால் நகரங்களுக்குள் பரவிவிட்டது. பலவீனமான பாத்திரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நினா ஃபெஃபர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைப் பிறகு ஆராய்ந்தபோது அவர்கள் கண்ணில் பட்டது, என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று நோய் இருக்கும் இடத்துக்கே போய் எட்டிப் பார்த்து, தொற்றோடு திரும்பிய ஆட்டக்காரர்கள். விபத்து நடந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சமன்பாட்டிலும் ‘வேடிக்கை’ என்ற குறியீடு இருந்ததில்லை.

இனி ஒத்திகை அறைக்குள் வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தில் நடந்த ஒத்திகையில் மாதிரியை ஓட்டும் வேலை எனக்கு. 1,200 பேர் தங்கும் விடுதி. தொடக்கத்தில் 3 பேருக்குத் தொற்று. 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. திரையில் ஒரு நாள் நகர 4 நிமிடம். அறையில் இருப்பவர்களுக்கு மருத்துவ மையத்துக்கு வந்த காய்ச்சல்காரர்கள் மட்டும்தான் தெரியும். உண்மையான எண்ணிக்கை என் மடிக்கணினியில் இருந்தது.

6-ஆம் நாள் திரையில் 2 காய்ச்சல். என் பக்கம் 12. ‘ரெண்டு காய்ச்சலுக்கா விடுதியை மூடுவது? அடுத்த வாரம் கமிட்டி கூடுதே, அதில் வைப்போம்’ என்றார் பதிவாளராக நடித்தவர். நிஜத்திலும் அவர் நிர்வாகத்தில்தான் இருந்தார், நடிக்கத் தேவையே இல்லை. நான் வாதாடவில்லை. 7 நாளை நகர்த்தினேன். 12 என்பது 60-ஐத் தொட்டது. அப்போதுதான் மறைத்து வைத்திருந்த கோட்டைத் திரையில் போட்டேன். 3 நாளில் இரட்டிக்கும் எதுவும் 7 நாளில் ஐந்து மடங்காகும். கால்குலேட்டரில் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். ஆனால் தன் வாயால் சொன்ன ‘அடுத்த வாரம்’ ஐந்து மடங்காகித் திரையில் வந்து நிற்கும்போது அதன் எடை வேறு. யாரும் பேசவில்லை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

அதைவிடப் பயனுள்ளதாக நடந்தது மதியம்தான். தனிமைப்படுத்த 40 அறை இருப்பதாகக் காகிதத்தில் எழுதியிருந்தது, நானும் 40 என்றுதான் போட்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த உதவி வார்டன் ஒருவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். ‘சார், அதுல 18 ரூம்ல பழைய கட்டிலைப் போட்டுப் பூட்டியிருக்கு. இன்னும் 10 ரூமுக்குத் தனி பாத்ரூம் கிடையாது, பொதுவுலதான் போகணும்.’ 40 என்பது 12 ஆனது. திரும்ப ஓட்டினோம். 9-ஆம் நாளே அறைகள் தீர்ந்துபோயின. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த நாளைச் செலவழித்திருக்கலாம். மாதிரிக்கு எண்கள் வேண்டும். எண்களைக் கேட்டால்தான் காகிதத்தில் இருப்பதும் கட்டடத்தில் இருப்பதும் மோதும்.

அப்புறம், மாதிரியிடம் என்ன கேள்வி கேட்பது என்பதும் முக்கியம். ‘என்ன ஆகும்’ என்று கேட்டால் அது உளறும். ‘இதைச் செய்வதா, அதைச் செய்வதா’ என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியான பதில் கிடைக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ரேசியர் குழு 2020 கோடையில் இப்படித்தான் கேட்டது. வளாகத்தைத் திறந்து எல்லோரையும் அடிக்கடி சோதிப்பதா, முழுக்க இணைய வகுப்பா? யாரைக் கேட்டாலும் இணைய வகுப்புதான் பாதுகாப்பு என்பார்கள். மாதிரி தலைகீழாகச் சொன்னது. திறந்தால் ஒரு பருவத்தில் சுமார் 1,250 பேருக்குத் தொற்று வரும், இணைய வகுப்பு என்றால் சுமார் 7,200. காரணம் வைரஸில் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. வகுப்பு இணையத்தில் நடந்தாலும் ஏராளமான மாணவர்கள் கார்னெல் இருக்கும் இத்தாக்கா ஊரில் எடுத்த வீடுகளுக்கு வந்துதான் தங்குவார்கள். வளாகத்துக்குள் வராதவரைச் சோதனைக்கு வா என்று கட்டாயப்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இல்லை. இந்த ஊகத்தைப் பேராசிரியர்கள் சிலர் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள், கேட்கவும் வேண்டும். கடைசியில் கார்னெல் திறந்தது. அந்தப் பருவத்தில் வந்த தொற்றுகள் மாதிரி சொன்னதைவிட மிகக் குறைவு. ஆக எண் இங்கேயும் தப்பு. ஆனால் எடுத்த முடிவு தப்பாகவில்லை.

அதே கார்னெலில் 2021 டிசம்பரில் ஒமிக்ரான் வந்தபோது ஒரே வாரத்தில் 900-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று. கிட்டத்தட்ட எல்லோரும் தடுப்பூசி போட்டிருந்த வளாகம் அது. கிருமி மாறினால் பழைய மாதிரி பழைய பஞ்சாங்கம்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு தவறான உள்ளுணர்வை உடைத்தது. டேவிட் பால்ட்டியல், ஏமி ஜெங், பின்னாளில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநரான ரோஷெல் வாலன்ஸ்கி ஆகிய மூவரும் 2020 ஜூலையில் 5,000 மாணவர்கள் கொண்ட ஒரு கற்பனை வளாகத்தை 80 நாள் ஓட்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் 10 பேருக்குத் தொற்று. அறிகுறி தெரிந்தவர்களை மட்டும் கவனித்தால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே, அதாவது 4,970 பேருக்கு வந்துவிடுகிறது. 100 தொற்றில் 70-ஐ மட்டுமே பிடிக்கும் சுமாரான பரிசோதனையை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தால் 243. அதையே வாரம் ஒருமுறை செய்தால் 1,840. விலை உயர்ந்த, துல்லியமான பரிசோதனையைத் தேடி அலைவதைவிட மலிவான ஒன்றை அடிக்கடி செய்வது மேல் என்பது இதில் புரியும்.

ஆனால் இங்கேதான் ஒத்திகைக்கு அருமையான ஒரு பொறி இருக்கிறது. 5,000 பேரை இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்தால் நாளுக்கு 2,500 சோதனை. நோய் இல்லாதவர்களில் 100-க்கு 2 பேரைத் தவறாகப் பிடிக்கும் பரிசோதனை என்றால், தினமும் 50 பேர் ஒன்றும் இல்லாமலே தனிமை அறைக்குப் போவார்கள். உங்களிடம் இருப்பதோ, எங்கள் ஒத்திகையில்போல, 12 அறை என்று வையுங்கள். மூன்றாவது நாளே பெற்றோர்கள் வாசலில் நிற்பார்கள். இந்தக் காட்சியை ஒத்திகையில் கட்டாயம் வையுங்கள். மருத்துவரும் விடுதிக் காப்பாளரும் மக்கள் தொடர்பு அலுவலரும் ஒரே நேரத்தில் பேச வேண்டிய இடம் இதுதான்.

மாதிரியை ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுவது பெரிய தவறு. ஒரு எளிய கணக்கு: தொற்றிய ஒருவர் சராசரியாக 2.5 பேருக்குப் பரப்புகிறார் என்று வையுங்கள். எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி பரப்பினால், ஒருவரோடு தொடங்கும் தொற்று 10-இல் 1 தடவைதான் தானாக அணையும். ஆனால் பெரும்பாலானோர் யாருக்குமே பரப்பாமல், மிகச் சிலர் மட்டும் கூட்டத்தோடு பரப்பும் நோய் என்றால், அதே சராசரி 2.5-இலேயே 100-க்கு 85 தடவை அது தானாக அணைந்துவிடும். மீதி 15 தடவை காடு பற்றுவதுபோலப் பற்றும். ‘போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினீர்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லும் நிர்வாகி அந்த 85-இல் ஒன்றைப் பார்த்தவர். 100 ஓட்டங்களின் கோடுகளை ஒரே திரையில் போட்டு அவரிடம் காட்டுங்கள். வேறு எந்தப் பேச்சும் அந்த வேலையைச் செய்யாது.

திரையே வேண்டாம், போனிலேயே நோயைப் பரப்பலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஹார்வர்டின் பார்டிஸ் சபெட்டி, ஆண்ட்ரெஸ் கொலுப்ரி குழு ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் ஒரு பள்ளியோடு சேர்ந்து ‘ஆப்பரேஷன் அவுட்பிரேக்’ என்ற ஒத்திகையை வளர்த்தது. புளூடூத் வழியாகக் கற்பனைக் கிருமி ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குத் தாவும். மாணவர்களில் சிலர் அரசாங்கம், சிலர் மருத்துவர், சிலர் நோய்ப் பரவலை ஆராய்பவர். பல்கலைக்கழக அளவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ‘சேஃப் புளூஸ்’ என்ற சோதனை 2021-இல் நடந்தது. மாணவர்கள் ஆண்ட்ராய்டு போனோடு வளாகத்தில் சுற்றச் சுற்ற, கற்பனைக் கிருமி வகைகள் பரவின. நடுவில், ஆகஸ்ட் 17-ஆம் தேதி, நிஜமான டெல்டா தொற்று ஒன்று தெரியவந்து நாடே அடைக்கப்பட்டது. வளாகம் காலியானதும் போன்களுக்குள் இருந்த கிருமிகளும் பரவ வழியின்றி நின்றன. எந்த ஒத்திகைக் குழுவும் திட்டமிட்டு வாங்க முடியாத பரிசோதனை அது. பணமும் ஆளும் இருந்தால் இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் மாணவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று இதில் ஊகிக்கவே வேண்டாம், அவர்களே நடந்து காட்டுவார்கள்.

அவ்வளவு வசதி இல்லையென்றால் பரவாயில்லை. கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927-இல் எழுதிய, மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் (குணமானவர் அல்லது இறந்தவர்) என்று மூன்று கூடையாகப் பிரிக்கும் கணக்கு எக்செல்லிலேயே ஓடும். அவர்கள் அதைச் சரிபார்த்ததே 1905–06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கை வைத்துத்தான். மெக்கென்ட்ரிக் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் வேலை பார்த்த, பிரிட்டிஷ் கால இந்திய மருத்துவப் பணி (ஐ.எம்.எஸ்.) அதிகாரி. ஆனால் வளாகத்துக்கு மூன்று கூடை போதாது. எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திப்பதாக அது நினைக்கும். வளாகத்தில் அப்படி இல்லை. அறைத் தோழர், வகுப்பு, மெஸ் மேசை என்று சந்திப்பு கொத்துக் கொத்தாக இருக்கும். ‘நெட்லோகோ’ என்ற இலவச மென்பொருளில் தனித்தனி ஆட்களாக எழுதலாம், தயாரான வைரஸ் மாதிரிகளும் அதிலேயே இருக்கின்றன. முதுகலை மாணவர் ஒருவர் சில வாரத்தில் செய்துவிடுவார்.

எதை விட்டாலும் மெஸ்ஸை விடாதீர்கள். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் 100-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது அங்கே இருந்தவர்கள் சில நூறு மாணவர்கள்தான். வகுப்புகள் இணையத்தில். ஆனால் திறந்திருந்தது ஒரே ஒரு மெஸ். வகுப்பறையை மட்டும் எழுதிய மாதிரி அந்த வளாகத்தைப் பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மாணவர்களின் உண்மையான அறைப் பட்டியலைப் பெயரோடு மாதிரிக்குள் போடாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று திரையில் பெயர் தெரிந்தால் அன்று மாலையே அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அதே அளவிலான கற்பனை மக்கள்தொகை போதும். அடுத்து, அச்சடிக்கும் ஒவ்வொரு தாளிலும் குறுக்காகப் பெரிய எழுத்தில் ‘ஒத்திகை’ என்று போடுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையம் 2019 அக்டோபரில் ‘ஈவென்ட் 201’ என்ற ஒத்திகையை நடத்தியது. கற்பனைக் கரோனா வைரஸ், 18 மாதத்தில் 6.5 கோடிச் சாவு என்பது காட்சி. சில மாதத்தில் நிஜக் கொரோனா வந்ததும், முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தார்கள் என்ற வதந்தி உலகம் சுற்றியது. இது கணிப்பு அல்ல என்று அவர்கள் அறிக்கையே விட வேண்டியிருந்தது. உங்கள் திரைப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் போனால் பெற்றோர் சங்கத்துக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

அழைப்புப் பட்டியலில் மெஸ் மேலாளர், உதவி வார்டன், காவலாளிகளின் மேற்பார்வையாளர், இரண்டு மாணவர் பிரதிநிதிகள் கட்டாயம். டீன்கள் இரண்டு பேர் குறைந்தால் நஷ்டமில்லை. அந்தப் பூட்டிய 18 அறைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளையும் உங்கள் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.